தெற்குத்தெருவின் அகலம்

அன்று காலை நான் திருவிழா நோட்டீஸின் அச்சுப்படியைத் திருத்திக்கொண்டிருந்தேன். காப்புக் கட்ட இரண்டு நாள் இருந்தது. பூசாரியின் பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது. அதைச் சரிசெய்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. பேசியது முருகையனின் மகள் சுமதி. என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்தவள், இப்போது தஞ்சாவூரில் நர்ஸாக இருக்கிறாள், திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருந்தாள்.

"சார், அப்பா போயிட்டாங்க."

"எப்பம்மா?"

"விடியக்காலைல. மொகம் கழுவிட்டு வந்து கட்டில்ல உக்காந்தாங்க. காப்பி போடும்மான்னாங்க. போட்டுக்கிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சி சார். நீங்க ஊர்லதான இருக்கீங்க?"

இருக்கிறேன் என்று சொன்னேன். ஆறுதலாக இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அவள் போனை வைக்கும்வரை எனக்கு அது கிடைக்கவில்லை.

பதினாறாம் நாள் படத்திறப்பில் நான் பேச வேண்டும் என்று தெற்குத்தெருக்காரர்கள் கேட்டார்கள். முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் நின்றவன் என்றாலும், கரும்பலகைக்கு முன்னால் பேசுவது வேறு, படத்துக்கு முன்னால் பேசுவது வேறு. எழுதித் தருகிறேன், யாராவது படித்துவிடுங்கள் என்றேன். உங்களில் பலருக்கு அவர் லைன்மேன் முருகையன். சிலருக்கு மின்வாரியச் சங்கத்தின் தோழர். எனக்கு அவர் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் தவறிழைத்த மனிதர். மற்றவற்றை வரிசையாக எழுதப் பார்க்கிறேன். நினைவுப் பிழை இருந்தால் தெரிந்தவர்கள் திருத்த வேண்டும்.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காக ஊர் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். செல்லியம்மன் கோவிலைச் சுற்றி மேலத்தெரு, நடுத்தெரு, கீழத்தெரு. நிலம் வைத்திருந்தவர்களின் தெருக்கள். என் வீடு மேலத்தெருவில். வாய்க்காலைத் தாண்டினால் தெற்குத்தெரு. எங்கள் வயல்களில் உழுது, நட்டு, அறுத்தவர்களின் தெரு. முருகையனின் அப்பா எங்கள் நிலத்தில் வேலை செய்தவர். இன்று அந்தத் தெருவில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், சிங்கப்பூரில் சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்கள், சொந்த நிலத்தில் சாகுபடி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கோவிலுக்குள் அவர்கள் வருவதற்கு என் அப்பா காலத்தில் தடை இருந்தது, என் காலத்தில் இல்லை. ஆனால் எட்டாம் நாள் அம்மன் சப்பரத்தில் வீதியுலா வரும்போது மூன்று தெருவையும் சுற்றி, வாய்க்கால் பாலம்வரை வந்து திரும்பிவிடும். பாலத்துக்கு அந்தப்பக்கம் ஜனங்கள் கற்பூரம் கொளுத்திக்கொண்டு நிற்பார்கள். சப்பரம் திரும்பும்போது அவர்களுக்குத் தெரிவது அம்மனின் முதுகு. நான் இருபது வருடங்களுக்கு மேல் விழாக்குழுச் செயலாளர். அதாவது கூட்டக் குறிப்பு எழுதுகிறவன். அந்த முதுகைப் பற்றி நான் ஒரு வரி எழுதியதில்லை.

முருகையனை நான் நினைத்தால் முதலில் கண்ணில் வருவது சப்பரத்துக்கு முன்னால் நடக்கும் உருவம். வீதியுலா நாளில் எங்கள் தெருக்களில் மின்சாரத்தை நிறுத்தி, தாழ்ந்த கம்பிகளை நீண்ட மூங்கிலால் தூக்கிப் பிடித்து, அம்மனுக்கு வழி விடுவது அவர் வேலை. தேவைப்பட்டால் போஸ்டில் ஏறிக் கம்பியைக் கழற்றுவார், சப்பரம் போன பிறகு மாட்டுவார். ஒருமுறை நான் அண்ணாந்து பார்த்தபடி கம்பத்துக்கு அடியிலேயே நின்றுவிட்டேன். மேலேயிருந்து குரல் வந்தது. "வாத்தியார் சார், தள்ளி நில்லுங்க. சாமி பொறுத்துக்கும், கரண்டு பொறுக்காது." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கடைசிக் கம்பியையும் தூக்கி விட்டுப் பாலத்தருகே வந்ததும் மூங்கிலைச் சாத்திவைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாலத்தைக் கடந்து தன் ஜனங்களோடு போய் நிற்பார். சப்பரம் திரும்பும். அவரும் முதுகைத்தான் கும்பிடுவார். வருடா வருடம் இதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்பதுகூடச் சரியில்லை. என் கண் முன்னால் நடந்தது.

அவருடைய பக்தி அவர் சங்கத்து நண்பர்களுக்குப் புரியவில்லை. அவர்களில் பலர் சாமி கும்பிடாதவர்கள். ஒருநாள் டீக்கடையில் அவர்களில் ஒருவர் கேட்டது என் காதிலேயே விழுந்தது.

"வேலைக்காரன் மாதிரி முன்னால கம்பு புடிச்சிட்டுப் போற. ஒன் வாசலுக்கு வராத சாமியப் போயி என்னத்துக்குய்யா கும்புடற?"

முருகையன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "வரமாட்டேன்னு அவ எப்பய்யா சொன்னா? நாலு பேரு கூடி ரூட்டு போடுறாங்க. சாமி என்ன பண்ணும்?"

அந்த நாலு பேரில் ஒருவனான நான் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தாரா என்று தெரியாது. அவருடைய தம்பி அதற்குப் பல வருடம் முன்பே இதே கோபத்தில் கிறிஸ்தவராகி, குத்தாலம் பக்கம் குடிபோய்விட்டார். அண்ணன் தம்பிக்குள் மனத்தாங்கல் இல்லை. "அவன் கதவு தொறந்திருக்கிற வீட்டுக்குப் போயிட்டான். நான் இந்தக் கதவத் தட்டிக்கிட்டு நிக்கிறேன்" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். ஒரே அவமானம் ஒருவரை ஒரு தெய்வத்தை விட்டுப் போகவைக்கிறது, இன்னொருவரை அதே தெய்வத்தின் வாசலிலேயே நிற்கவைக்கிறது. இதற்குக் காரணம் என்ன என்று யோசித்திருக்கிறேன். நான் தினமும் கோவிலுக்குப் போகிறவன். ஆனால் என் பக்தி பல் தேய்ப்பது போன்ற ஒழுங்கு. அதற்காக நான் எதையும் இழந்ததில்லை.

முருகையன் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு அவர் மனைவி அஞ்சம்மாளுக்கு வாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அந்த வருட விழாக்குழுக் கூட்டத்துக்கு அவர் வந்து கையெடுத்துக் கும்பிட்டு நின்றார்.

"அஞ்சம்மா படுத்து ரெண்டு மாசம் ஆவுதுங்க. வெள்ளிக்கெழம தவறாம கோவிலுக்கு வந்தவ. இப்ப கட்டில விட்டு எறங்க முடியல. சாமி எதுக்குங்க வெளியில வருது? வர முடியாதவங்களப் பாக்கத்தானே. எங்க தெரு வழியா ஒரு தடவ வந்துட்டுப் போவட்டும்."

தலைவர் ராஜமாணிக்கம் முரட்டு மனிதர் அல்ல. யாரையும் எடுத்தெறிந்து பேசமாட்டார். அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"முருகையா, நீ லைன்மேன். ஒனக்குத் தெரியாததா? அந்தத் தெருவுல கம்பி பதினாலு அடியில தொங்குது. சப்பரம் கலசத்தோட பதினாறு அடி. ஏதாவது ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்றது?"

"ஊரு கம்பியெல்லாம் தூக்குறவன் வீட்டு வாசல்ல கம்பி தொங்குது பாரு" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். முருகையனும் சிரித்தார். "அது சரிதாங்க" என்றார்.

நான் குறிப்பில் எழுதினேன்: 'தெற்குத்தெருவின் கோரிக்கை வரும் ஆண்டு பரிசீலிக்கப்படும்.' கூட்டத்தில் அப்படி யாரும் சொல்லவில்லை. முடியாது என்று எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்த வாக்கியத்தை உண்டாக்கியவன் நான்தான். பிறகு வந்த வருடங்களில் அது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

அடுத்த கூட்டத்துக்குள் தெற்குத்தெருவில் மூன்று புதுப் போஸ்ட் நின்றது. கம்பி இருபது அடிக்கு உயர்ந்திருந்தது. தெருக்காரர்களிடம் மனு எழுதி வாங்கி, ஆபீஸில் முறைப்படி கொடுத்து, வேலையைத் தானே நின்று முடித்திருந்தார். இப்போது தலைவர் பாலத்தைச் சொன்னார். பழைய பாலம், சப்பரத்தின் கனம் தாங்காது.

"நெல்லு மூட்டை ஏத்திக்கிட்டு ஒங்க டிராக்டரு அது மேலதாங்க போவுது" என்றார் முருகையன். "அம்மன் அதவிடவா கனம்?"

"மூட்டை விழுந்தா அள்ளிக்கலாம். அம்மன் விழுந்தா?"

இதற்கும் சிரித்தோம். அவர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு நடக்க ஆரம்பித்தார். எத்தனை முறை போனார் என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் வருடத் திருவிழாவின்போது பழைய பாலத்தை இடித்திருந்தார்கள், புதியது பாதியில் நின்றது. அந்த வருடம் அவர் கூட்டத்துக்கு வரவில்லை. நான்காம் வருடம் பாலம் புதிதாக இருந்தது. ஓய்வு பெற்றிருந்த முருகையன் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். எங்களிடம் ஒரே ஒரு காரணம்தான் மிச்சம் இருந்தது. தெரு குறுகல், சப்பரம் போகாது என்றார்கள். அளந்துவிடலாம் என்று தலைவர் என்னை நியமித்தார். கணக்கு வாத்தியார், அளவு சுத்தமாக இருக்கும் என்றார்.

பங்குனி வெயிலில் ஒரு பிற்பகல் பள்ளிக்கூடத்து டேப்பை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். டேப்பின் ஒரு முனையை முருகையன் பிடித்துக்கொள்ள, மறுமுனையை நான் இழுத்துக்கொண்டு போனேன். தெருவின் ஐந்து இடங்களில் அளந்து சட்டைப்பையில் இருந்த நோட்டில் எழுதினேன். அவர் வீட்டு வாசலில் அளக்கும்போது உள்ளேயிருந்து குழறலான குரல் கேட்டது.

"யாரு அது?"

"வாத்தியார் சாரு" என்றார் முருகையன். "அம்மன் வர்றதுக்கு அளக்கிறாங்க."

கொஞ்சம் பொறுத்து அஞ்சம்மாள் கேட்டாள். "அம்மனுக்குப் போயி அளவா?"

முருகையன் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் குனிந்து அங்குலக் கோட்டைப் பார்த்தேன். வாசல் வழியாகக் கட்டிலின் கால்மாடு தெரிந்தது. ஒல்லியான பாதம் ஒன்று தெரிந்தது. உள்ளே போய் விசாரித்திருக்கலாம். போகவில்லை.

தெற்குத்தெருவில் மிகக் குறுகலான இடம் பதினான்கு அடி நான்கு அங்குலம். எனக்கு எதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் விட முடியாது. திரும்பும் வழியில் நடுத்தெருவில் பிள்ளையார் கோவில் முனையையும் அளந்தோம். தலைமுறை தலைமுறையாகச் சப்பரம் திரும்பும் இடம். பதினோரு அடி. முருகையன் டேப்பைச் சுருட்டி என்னிடம் கொடுத்தார். "எழுதிக்கிட்டீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார்.

கூட்டத்தில் தலைவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "என்ன வாத்தியாரே, குறுகல்தானே?"

கேள்வியிலேயே பதில் இருந்தது. நோட்டு என் பையில் இருந்தது. என்னை யாரும் மிரட்டவில்லை. ராஜமாணிக்கத்தால் எனக்கு ஆக வேண்டிய காரியமும் ஒன்றும் இல்லை. அவர் முகம் கோணுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். ஒருவர் முகம் மாறினால் சொல்ல வந்ததை மாற்றிவிடுவேன். "திருப்புறது கொஞ்சம் சிரமந்தான்" என்றேன். முருகையன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குறிப்பு நோட்டில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவர் நாற்காலி காலியாக இருந்தது. வழக்கமான வாக்கியத்தை எழுதி முடித்தேன்.

அந்த ஐப்பசியில் அடைமழை. வயலெல்லாம் தண்ணீர் நின்ற ஒரு நாளில் அஞ்சம்மாள் இறந்தாள். மாலை வாங்கிக்கொண்டு போனேன். முருகையன் வாசல் பந்தலில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். நான் முன்னால் போய் நின்றும் தலை தூக்கவில்லை. அன்றிலிருந்து பங்குனிவரை அவர் என்னிடம் பேசவில்லை. வழியில் எதிர்ப்பட்டால் வண்டியை மெதுவாக்காமல் போவார். மற்ற எல்லோரிடமும் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்த கூட்டத்தில் நான் நோட்டை எடுத்துப் படித்தேன். முன்னுரை எதுவும் சொல்லவில்லை. தெற்குத்தெரு ஐந்து இடங்கள், நடுத்தெரு ஒரு இடம். படித்து முடித்ததும் தலைவர், "இத ஏன் போன வருஷமே சொல்லல?" என்று கேட்டார். அந்த வருடம் வீதியுலாவில் தெற்குத்தெரு சேர்ந்தது. என் நோட்டினால்தான் என்று யாராவது நினைத்தால் அது தவறு. தெருப் பிள்ளைகள் தாசில்தாரிடம் மனு கொடுத்திருந்தார்கள். பெரிய காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

சப்பரம் பாலத்தைக் கடந்தபோது பெண்கள் குலவையிட்டார்கள். தெரு முழுக்கத் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். வயதானவர்களைக் கட்டிலோடு தூக்கி வந்து வாசலில் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வீடு தட்டில் தேங்காய், பழம். முருகையனும் தட்டோடு நின்றார். பூசாரி வழக்கப்படி, "யாரு பேருக்கு?" என்றார்.

"அஞ்சம்மா."

பூசாரி தயங்கினார். "போனவங்க பேருக்கு அர்ச்சன கெடையாதுப்பா."

முருகையனுக்கு அது தெரியாமல் இல்லை. வாய் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டது. தட்டை நீட்டி, "அப்ப சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றார். தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வீட்டுக்குள் போய், காலியாக இருந்த கட்டிலுக்கும் அந்தக் கையைக் காட்டிவிட்டு வந்தார். எட்டாம் நாள் ராத்திரி ஊரே சந்தோஷமாக இருந்தது. நான் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன்.

திருவிழா முடிந்த மறுவாரம் அவர் வீட்டுக்குப் போனேன். அறுபத்தாறு வயதில் அந்த வீட்டுக்குள் முதல்முறையாகப் போகிறேன். உட்காரச் சொன்னார். நான் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்ததைச் சொன்னேன். போன வருடக் கூட்டத்திலேயே அளவு என் பையில் இருந்தது, நான் சொல்லவில்லை என்றேன்.

"நானும் ஒரு மொனையப் புடிச்சிக்கிட்டுத்தான சார் இருந்தேன்" என்றார்.

நான் கேட்டேன். "அப்ப நீங்க ஏன் எழுந்து சொல்லல?"

"நான் சொன்னா அது சண்ட சார். நீங்க சொன்னா அளவு."

பிறகு அவரே சொன்னார். "நீங்க சொல்லுவீங்கன்னு அவகிட்ட சொல்லி வச்சிருந்தேன். வீட்டுக்கு வந்து என்ன சொல்றதுன்னு தெரியல. பாலத்துலயே ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்." அதற்குப் பிறகு காப்பி போட்டுக் கொடுத்தார். குடித்தேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்க்கும் நிலையில் இல்லை.

அதன்பிறகு நாங்கள் பழகினோம். நண்பர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. சாயங்காலம் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருப்போம். மேட்டூர் தண்ணீர் எப்போது வரும், சம்பாவுக்கு ஆள் கிடைக்குமா, சுமதிக்கு இடமாற்றம் வருமா என்ற பேச்சுதான். அவரை நான் எந்த வருடத்திலிருந்து 'வாங்க' என்று அழைக்க ஆரம்பித்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். அவர் அரசாங்க வேலைக்குப் போன பிறகும் பல வருடம் 'வா முருகையா' என்றுதான் அழைத்திருக்கிறேன். அவர் அதை ஒருநாளும் சுட்டிக்காட்டவில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குப் பயம் இருந்தது. "மூணு வருஷம் வந்தாச்சி சார். ஆனாலும் ஒரு வருஷம் விட்டாப் போதும், வராததுதான் மாமூலுன்னு ஆக்கிடுவாங்க" என்று போன மாசிமாதம்கூடச் சொன்னார். எத்தனை வருடம் வந்தாலும் அந்தப் பயம் போகாது என்றும் சொன்னார்.

அவர் சொன்னது போலவே நடக்கப் பார்த்தது. அடக்கம் முடிந்த மறுநாள் விழாக்குழு கூடியது. இரங்கல் தெரிவித்து இரண்டு நிமிடம் எழுந்து நின்றோம். உட்கார்ந்ததும் தலைவர் சொன்னார்.

"நல்ல மனுசன். ஆனா தெருவுல சாவு விழுந்திருக்கு. எட்டாம் நாளைக்குள்ள கருமாதி ஆகாது. இந்த வருஷம் மட்டும் பாலத்தோட திருப்பிக்கலாம். யாரும் தப்பா எடுத்துக்க வேணாம்."

கெட்ட எண்ணத்தில் சொன்னாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தீட்டு என்றால் அவருக்கு உண்மையான பயம் உண்டு. தெற்குத்தெருவிலிருந்து வந்திருந்த இரண்டு இளைஞர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் எழுந்தால் அது சண்டையாகிவிடும் என்று எனக்குத் தெரியும். நான் பழைய குறிப்பு நோட்டுகளைக் காலையிலேயே புரட்டி, ஒரு பக்கத்தில் காகிதம் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். எழுந்து நின்றேன்.

"பன்னெண்டு வருஷத்துக்கு முந்தி அய்யா காலமானது திருவிழா நாலாம் நாள்" என்று தலைவரைப் பார்த்துச் சொன்னேன். ஐயா என்றது அவருடைய அப்பாவை. பிறகு படித்தேன். 'உடல் எடுத்த பின் கோவில் திறக்கப்பட்டது. எட்டாம் நாள் சப்பரம் வழக்கப்படி மேலத்தெரு வழியே சென்றது. துக்க வீட்டில் மட்டும் தட்டு வாங்கவில்லை.'

"அது வேற வாத்தியாரே."

"எப்படி வேறன்னு சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

துணிச்சலாகக் கேட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டத்தில் சொல்வதை எழுதுவது என் வழக்கம். பேனாவைத் திறந்துகொண்டு உண்மையாகவே காத்திருந்தேன். தலைவர் பேனாவைப் பார்த்தார். யாரும் அவருக்கு உதவிக்கு வரவில்லை.

"போயிட்டு வரட்டும்" என்றார் கடைசியில். "அந்த வீட்டு வாசல்ல மட்டும் நிக்க வேணாம்."

எழுதினேன். அந்தப் பக்கத்தில் என் கையெழுத்தை எனக்கே படிக்க முடியவில்லை. வெளியே செருப்பு மாட்டும்போது தலைவர் என் பக்கத்தில் வந்தார். "அந்தாளு செத்தப்பறந்தான் ஒங்களுக்கு வாய் தொறக்குது" என்றார். குத்தலாகத்தான் சொன்னார். அதில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை.

எட்டாம் நாள் சப்பரம் பாலத்தைக் கடந்தது. முன்னால் வேறொரு லைன்மேன் நடந்தார். வீட்டுக்கு வீடு நின்று தட்டு வாங்கினார்கள். முருகையன் வீடு வந்ததும் மேளக்காரர்கள் தாங்களாகவே வாசிப்பை நிறுத்தினார்கள். சப்பரத்தை இழுத்த டிராக்டரின் சத்தத்தோடு அம்மன் அந்த வாசலைக் கடந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே சுமதி சுவரில் சாய்ந்து நின்றாள். துக்கத்தில் இருப்பவள், கும்பிடவில்லை. சப்பரம் நிற்காமல் போனது. நிற்கக்கூடாது என்பது தீர்மானம், அதை எழுதியவன் நான். ஊருக்கெல்லாம் வழி விட்ட மனிதரின் வாசலில் ஒரு நிமிடம் நிற்காதது என் மனதை மிகவும் வருத்தியது. ஆனால் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு தலைவர் வீட்டு வாசலிலும் நிற்கவில்லை. சமம் என்பது சில நாளில் இவ்வளவு வறட்சியாகத்தான் கிடைக்கும் போலிருக்கிறது.

அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அளவு என்னிடம் இருந்தது என்று சொன்னேனே தவிர, மன்னித்துவிடுங்கள் என்ற சொல் வரவில்லை. கேட்டிருந்தால் சரி என்றிருப்பார். அவர் சுபாவம் அது. அந்தச் சரியை வாங்கிக்கொண்டு நான் நிம்மதியாகியிருப்பேன். கட்டிலில் கிடந்தவளுக்கு அதனால் ஒன்றும் ஆகியிருக்காது. கேட்காமல் விட்டதற்குக் காரணம் இந்த யோசனைதானா, அல்லது அதுவும் என் பயம்தானா என்று இப்போதும் எனக்குத் தெளிவில்லை.

இறந்தவரிடமிருந்து எதை வைத்துக்கொள்கிறோம் என்று இப்படிப்பட்ட இடங்களில் சொல்வது வழக்கம். அவருடைய நம்பிக்கையை வைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அது அவரோடு போயிற்று, கொஞ்சம் சுமதியிடம் இருக்கலாம். நான் வைத்துக்கொள்வது அவர் என் மேல் கொண்ட கோபத்தை. ஐப்பசியிலிருந்து பங்குனிவரை அவர் பேசாமல் சுமந்த கோபம். பிறகு அவர் அதை இறக்கிவைத்துவிட்டார். எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார், பாலத்தில் பக்கத்தில் உட்கார இடம் விட்டார். இறக்கிவைத்த இடத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். காலையில் சந்நிதியில் கண்ணை மூடி நிற்கும்போது அது என் பக்கத்தில் நிற்கிறது. முன்பெல்லாம் பேரன் பேத்திகளுக்காக வரிசையாக வேண்டிக்கொள்வேன். இப்போது அஞ்சம்மாளின் பாதம்தான் நினைவுக்கு வருகிறது. ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்துவிடுகிறேன்.